நாற்பது பாகத்தில் ஓர் ஆற்று முகம்

வீராம்பட்டினத்து அம்மாவாசை கடலை நாக்கால் படிப்பவர். ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவார். சோப்பில் ஒட்டி வரும் மண்ணை நக்கிப் பார்த்துப் படகு நிற்கும் இடத்தைச் சொல்வார். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அந்த நாக்கு ஒரே ஒரு தடவைதான் தப்பியது. தப்பியது என்று சொல்லலாமா என்பதும் சந்தேகம்தான்.

போன தை மாதம் ஒரு காலை. பொழுது ஏறியும் பனிமூட்டம் கலையவில்லை. படகில் அவரும் கடைசித் தங்கை புருஷன் பக்கிரியும் மட்டும். இஞ்சின் படுத்துவிட்டது, ஜிபிஎஸ் பெட்டியில் தண்ணீர் புகுந்துவிட்டது. தங்கை சின்னப்பாப்பாவுக்கு இடுப்பு வலி கண்டிருக்கிறது என்று சொன்னதோடு செல்போன் சிக்னலும் போய்விட்டது.

"மச்சான், எங்க இருக்கோம்னு சொல்லு. அவளுக்கு மொதப் பிரசவம்."

குண்டு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

"இம்மாங் கயிறா?"

"நீரோட்டத்துல சாயுது மாப்ள."

மேலே வந்த சோப்பில் நீலக் களிமண். அதில் நகத்தளவு மட்டிச் சிப்பிகள். அம்மாவாசைக்கு உயிர் வந்தது. "அரியாங்குப்பம் ஆத்து முகம்டா! இந்த மட்டி ஆத்து முகத்த வுட்டு வேற எங்கயும் வளராது."

"அப்ப இடுப்பளவு தண்ணிதான். நான் எறங்கி நடந்துடறேன்." பக்கிரி கைலியை மடித்துக் கட்டினான்.

அம்மாவாசை மண்ணை நக்கினார். உப்பு இருந்தது, சேற்று நாற்றம் இல்லை. சிப்பிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஆற்று முகம் என்றால் ஒரு காக்காயாவது கத்த வேண்டாமா, பஸ் ஹாரனாவது கேட்க வேண்டாமா? காதை அடைத்தாற்போல் அமைதி. காலடியில் ஈரக்கயிறு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"ஏறுடா மேல!"

ஒரு காலை ஏற்கனவே இறக்கியிருந்த பக்கிரி சிரித்தான். "தரை தட்டுது மச்சான். மெத்துனு இருக்கு."

தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார். பனி விலகியபோது எந்தத் திசையிலும் கரை இல்லை. கயிறு கட்டி இழுத்துப்போக வந்த படகின் கருவி ஆழம் நாற்பது பாகம் என்றது. விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்; நாற்பது ஆள் ஒருவர்மேல் ஒருவராக நிற்கிற ஆழம்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், சிப்பிகளை ஆராய்ச்சி செய்கிற பூர்ணிமா கரைக்கு வந்து அந்த மட்டிகளை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க நாக்கு பொய் சொல்லல மாமா. பனியுகத்துல கடல் வத்தி, கரை நீங்க நின்ன எடம் வரைக்கும் வெளிய போயிருந்துச்சு, அவ்ளோ தண்ணி பனிக்கட்டியா ஒறஞ்சு நின்னுச்சு. ஆறு அங்க வரைக்கும் ஓடிச்சு. மட்டியும் ஆத்து முகத்தோடவே அங்க போச்சு. பனி உருகிக் கடல் ஏற ஏற, குஞ்சுங்க மிதந்து வந்து புதுப்புது கரையில ஒட்டிக்கிச்சு. செத்ததுங்க அங்கயே கெடக்கு. பத்தாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். எல்லாம் வெறும் ஓடு."

பக்கிரி வலது காலை நீட்டினான். மூன்று நாளாகத் தேய்த்தும் போகாத நீலக் களிமண் விரலிடுக்கில் இருந்தது. அதில் நகத்தளவு மட்டி ஒன்று, வாயை லேசாகத் திறந்து மூடியது.