முதல் தரப்பு

எங்கள் சித்தி டைப் அடித்த தாளை எந்த வக்கீலும் படித்துப் பார்த்ததில்லை. கோர்ட்டுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒடுக்கமான அறையில் இருபத்தாறு வருஷமாக அடிக்கிறாள். கையெழுத்துப் போட வருகிறவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "பாத்தாச்சாக்கா? அப்ப சரி." பேனா ஓடிவிடும்.

விவாகரத்து ஒப்பந்தம் என்றால் சித்திதான் அடிக்க வேண்டும். மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அழறத முடிச்சுட்டு சொல்லுங்கம்மா, பீரோ யாருக்கு?" என்பாள்.

சித்தப்பா பஸ் கண்டக்டர். ரிட்டயராகி நாலு வருஷம் ஆகியும் தொண்டை மட்டும் ரிட்டயராகவில்லை. கடைசி வாய் சோறு இறங்கியதும் தட்டைத் தள்ளிவிட்டு "ரைட்!" என்பார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் கடைசி ஒன்பது வருஷம் சித்தியிடம் அவர் பேசிய நீளமான பேச்சே அதுதான். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் மனுஷக் குரல் வேண்டும் என்பதற்காகச் சித்தி ரேடியோவை அணைக்காமலே சமைப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே மனுப் போட்டுவிட்டாள்.

சமரச அறையில் எட்டு முறை உட்கார்ந்தார்கள். சித்தி கேட்டது ஒன்றுதான்.

"வீடு அவர் பேர்லயே இருக்கட்டும். நகை வேணாம், பென்ஷன்ல பங்கு வேணாம். நான் சாகற வரைக்கும் அந்த வீட்ல இருக்கணும். எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"அப்ப நான் எங்க போறதாம்?"

"உங்க தங்கச்சி வீட்டு மாடி சும்மாத்தானே கெடக்கு? பாதி நாள் சாப்பாடே அங்கதான்."

"பாத்தீங்களா சார், எனக்கே டிக்கெட் கிழிக்கறா!"

சித்தியின் வக்கீல் ஒவ்வொரு முறையும் "பா...ப்போம்மா, பா...ப்போம்" என்று இழுத்தார். எட்டாவது நாள் சித்தப்பாவே சலித்துப்போய், "எழுதுங்க சார், ஒழியட்டும்" என்றார். வக்கீல் குறிப்பெழுதினார். முதல் தரப்பு ஆயுள் வரை வீட்டில் இருக்கலாம். இரண்டாம் தரப்பு மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். மனுப் போட்டவள் சித்தி, ஆகவே முதல் தரப்பு அவள்.

"வேற யாராவது அடிக்கட்டுமேம்மா."

"ஏன், என் கை முறிஞ்சா போச்சு?"

எப்போதும்போலப் பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றினாள். அந்த அறைக்கு வருவதில் முக்கால்வாசி புருஷன்மார் போட்ட மனுதான். அதனால் முதல் இடத்தில் புருஷன் பெயர், இரண்டாவதில் பெண்டாட்டி பெயர். இருபத்தாறு வருஷம் பழகிய விரல்கள் சித்தப்பா பெயரை முதலில் அடித்தன. அதற்குக் கீழே, வக்கீலின் குறிப்பை ஒரு புள்ளி பிசகாமல் அடித்தாள்.

"பாத்தாச்சாம்மா?" என்றார் வக்கீல். பார்த்திருந்தாள். "படிச்சீங்களா?" என்றார் நீதிபதி.

"நான்தாங்க அடிச்சேன்" என்று சித்தி சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. பெயர் மாறி வந்துவிட்டதாக நினைத்தாள். பிறகு பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். முதல் தரப்பு என்ற இடத்தில் சித்தப்பா பெயர் இருந்தது.

"அவரும் கையெழுத்துப் போட்டா ஒருநாள் வேலைம்மா" என்றார் வக்கீல். "இல்லேன்னா கஷ்டம். அடிச்சதும் நீங்க, படிச்சேன்னு சொன்னதும் நீங்க. பாப்போம்." இந்த முறை அவர் இழுக்கவில்லை. இனி அவரால் ஆகாது என்று சித்திக்குப் புரிந்துவிட்டது.

அன்று மதியமே திருத்த மனுவை அடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா கூடத்தில் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து."

"நீ அடிச்சா தப்பே வராதுன்னு ஊரே சொல்லுது?"

"கை பழக்கத்துல வந்துடுச்சு. அன்னிக்கு என்ன பேசினோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம்?"

அவர் நகங்களைக் கூட்டிக் காகிதத்தில் மடித்தார். அந்த மனுவில்தான் மடித்தார்.

"ஸ்டாப் வந்தாச்சு. எறங்கு" என்றார். ஒன்பது வருஷத்தில் அதுதான் அவர் அவளிடம் நீளமாகப் பேசிய நாள்.

மறுநாள் ஒரு பெண் அழுதுகொண்டே அந்த அறைக்கு வந்தாள். சித்தி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மனு போட்டது யாரும்மா? நீயா, அவரா?"

அடித்து முடிப்பதற்குள் இதையே மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அந்தப் பெண், "நான்தாங்க" என்றாள்.

சாயங்காலம் அந்தப் பெண்ணுடைய வக்கீல் வந்தார். "பாத்தாச்சாக்கா?"

"நீங்க ஒரு தடவ படிங்க சார்."

சித்தி ஏதோ ஜோக் அடிக்கிறாள் என்று அவர் சிரித்தார். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சித்தி அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டைக் காலி செய்ய இன்னும் அறுபத்தாறு நாள் இருந்தது.