கீறல் சாரின் சேமிப்புப் பெட்டி

விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இழப்பைக் கணிக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் அவர். புதுக் கீறலுக்கு அடியில் பழைய கீறல் இருக்கிறதா என்று தேடுவார். அதனால் மெக்கானிக்குகள் வைத்த பெயர் கீறல் சார். அவர் கணிப்பு தப்பியதில்லை என்பதை மட்டும் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்வார்கள்.

எடுத்த படங்களை எல்லாம் வீட்டிலேயே வைத்திருந்தார். டிவிக்குப் பின்னால் ஒரு சேமிப்புப் பெட்டி, அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பதிவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். அமைத்துக் கொடுத்தது மனைவியின் தம்பி. அவன் கிளம்பிய கையோடு கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்.

பெட்டி நிறையப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்குவது என்று முடிவு செய்ய, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தார். கார் படங்கள் பாதிகூட இல்லை. மீதியை விழுங்கியிருந்தது பூட்டிய ஒரு கோப்புறை.

மச்சினனைப் போனில் கூப்பிட்டார்.

"என் பெட்டியில உன் சரக்கு என்ன இருக்கு மாப்ள?"

"என் சரக்கா? உங்க வீட்டுல செருப்பக் கழட்டினாலே போட்டோ எடுத்து வைப்பீங்க மாமா. அங்க போய் நான் எதையாவது வைப்பேனா?"

"அப்ப பூட்டினது யாரு?"

"பெட்டி வெச்ச அன்னிக்கே பூட்டினது நான். பூட்டச் சொன்னது அக்கா. உள்ள என்னன்னு எனக்கே தெரியாது. ஆள விடுங்க."

கணக்கு டீச்சரான மனைவி சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடது."

"என்னதுன்னு கேட்டேன்."

"யாரோடதுன்னு சொல்லிட்டேன்ல."

"ஒளிக்க ஒண்ணுமில்லன்னா பூட்டு எதுக்கு?"

"நீங்க தாழ்ப்பாள் போட்டுட்டுத்தானே குளிக்கிறீங்க? உள்ள என்னத்த ஒளிக்கிறீங்க?" பேனாவை மூடினாள். "என் போன் வரைக்கும் எல்லாத்தையும் பாத்தாச்சு. இதையும் திறந்தீங்கன்னா, இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லமாட்டேன். சண்டைகூடப் போடமாட்டேன்."

கடைசியாகச் சொன்னதுதான் அவரை உறுத்தியது.

புது டிஸ்க்குகளை இரண்டு கடைகளில் வாங்கினார். ஒன்று போதும், இன்னொன்று வேறு கடையில் என்றதும் முதல் கடைக்காரர் சிரித்தார். "ஏன் சார், என் மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்லங்க. கம்பெனியிலருந்து ஒரே லோடுல வந்தது ரெண்டும் சேர்ந்து பழுதாச்சுன்னா?"

ஞாயிறு காலை, பழைய டிஸ்க் ஒன்றை உருவிப் புதியதைச் செருகினார். பிரதி எடுப்பது தொடங்கியது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். பெட்டியில் எதையும் திறக்க உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு அவர் மடிக்கணினியில் திறந்திருந்தது. ஒரு கட்டத்தை டிக் செய்தால் கோப்புறை திறக்கும்.

வேறொருவனா? மறைத்த நோயா? அவரைப் பற்றித் திரட்டிய ஆதாரமா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஏதோ ஒரு பழைய நாள் சாட்சிக்கு வந்தது. திரையில் அம்புக்குறி அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. என்ன போகும் என்று தெரியும். இழப்பைக் கணிப்பது அவர் தொழில்; இதில் அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே பெட்டி, கார் படம் எது, அவளுடையது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் இரண்டாவது டிஸ்க்கையும் அப்படியே மாற்றினார்.

"முடிஞ்சுது," என்றார் மனைவியிடம். "உன்னோடதும் பத்திரமா இருக்கு."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"எப்படி நம்புறது?"

படமில்லை, சாட்சியில்லை. தன் முன்னால் நின்று இப்படி வெறுங்கையோடு சொன்ன எந்த வண்டிக்காரரையும் அவர் நம்பியதில்லை.

"நம்புறதுக்கு வழியில்லதான்," என்றார்.

"பழைய டிஸ்க் ரெண்டும் எங்க? அதுலயும் இருக்குமே."

எதையும் தூக்கிப்போடாத பழக்கத்தில் அவற்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். எடுத்து வந்து நீட்டினார். அவள் இரண்டையும் வாங்கி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நம்பினாளா என்று அவர் கேட்கவில்லை.