குதிகால் திரும்ப இடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. சைக்கிளில் போவேன், கைக்காசு தீர்ந்தால் ஓட்டலில் வேலைக்கு நிற்பேன். குற்றாலத்தில் சீசன் நேரம் புரோட்டாக் கடைகளுக்கு ஆள் வேண்டும். அப்படித்தான் மேலகரத்தில் அறை எடுத்தேன். சீசன் முடிந்ததும் புளியறை வழியாக மலையேறிக் கேரளாவுக்குப் போய்விட வேண்டும்.

ஏற்றத்துக்கு உதவுமென்று கிளிப்லெஸ் பெடல் வாங்க நினைத்தேன். ஷூவின் அடியில் பொருத்திய துண்டைப் பெடல் கவ்விக்கொள்ளும், கால் வழுக்காது. தென்காசி சைக்கிள் கடை அண்ணாச்சி இரண்டு ஜோடி வரவழைத்தார். ஒன்று பாதத்தை அசையவே விடவில்லை. மற்றதில் குதிகால் கொஞ்சம் உள்ளேயும் வெளியேயும் திரும்பியது.

எந்தச் சைக்கிள் வந்தாலும் அண்ணாச்சி முதலில் சக்கரத்தையும் மிதிகட்டையையும் ஆட்டித்தான் பார்ப்பார். ஆடினால் கோளாறு. நானும் அப்படியே பழகியவன். ஷூவை மாட்டி இரண்டையும் முறுக்கிப் பார்த்தார்.

"இது ஆடுதுல்லா. புதுசுலயே இப்படின்னா, நாளைக்குக் கழண்டுல்லா விழும்?"

"அப்பம் மத்ததையே மாட்டுங்க அண்ணாச்சி."

"மாட்டுதேன். கேரளாவுல போயி ஒத்தக் காலோட நிக்காதல."

இருவரும் சிரித்தோம்.

என் வலது பாதம் நடக்கும்போதே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பெடல் அதை நேராக இழுத்துப் பிடித்தது. தினமும் ஆலங்குளம் வரை ஓட்டிப் பழகினேன். முழங்காலின் உள்பக்கம் வலித்தது. புதுப் பழக்கம், சரியாகிவிடும் என்று எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றேன். மறுநாள் மறுபடி மிதித்தேன். கடைசியில் படி இறங்க முடியவில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார். ஷூவையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். குதிகால் தன் போக்கில் திரும்ப இடமிருந்தால் முழங்காலுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது என்றார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒதுக்கிவைத்த ஜோடியைத் தேடி எடுத்தார்.

"ஆடுததுதான் நல்லதுன்னு யாருக்குலே தெரியும்? நான் வாழ்நாளெல்லாம் ஆட்டத்த எடுத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

ஆடும் ஜோடியை அவரே மாட்டிக் கொடுத்தார். சில வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் புளியறை ஏற்றத்துக்குப் போனேன். பாதம் அதன் போக்கில் திரும்பிக்கொண்டது. கால் பெடலில் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுகம். இரண்டாவது வளைவில் முழங்காலுக்குள் கத்தி இறங்கியதுபோல் இருந்தது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்றத்தில் ஊர்ந்து வந்த லாரிக்காரர் தலையை நீட்டினார். "என்ன வே, சைக்கிள் மக்கர் பண்ணுதா?"

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு."

வந்த வழியே திரும்பினேன். இறக்கத்தில் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. சமதரை வந்ததும் இறங்கித் தள்ளினேன். மேலகரம் வந்து சேர மாலையாகிவிட்டது. வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், அறையை நான் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"சீசன் முடிஞ்சா இங்கன யாருவே இருப்பா?"

"நான் இருப்பேன்" என்றேன்.