காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம்

என் அத்தா நஜீர் பூந்தமல்லியில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். முப்பத்திரண்டு வருடம். சொந்த வண்டி, பதினேழு சீட். ஏப்ரல் பாதியில் சீசன் தொடங்கினால் ஜூன் முதல் வாரம் வரை வீடு தங்க மாட்டார். என் பிறந்தநாள் மே பத்தொன்பது. இந்த வருடம் முப்பத்தொன்று முடிகிறது. அந்தத் தேதியில் அவர் வீட்டில் இருந்தது இரண்டு முறை. ஒரு முறை கியர்பாக்ஸ் இறங்கியிருந்தது. இன்னொரு முறை ஊரடங்கு.

அடுத்தவர் பிள்ளைகளின் பிறந்தநாளில் அவர் நிறைய இருந்திருக்கிறார். விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பத்தில் யாராவது ஒரு குழந்தைக்கு அந்த வாரம் பிறந்தநாள் வரும். மலையில் போய்க் கேக்குக்கு எங்கே அலைவது என்று தாய் தகப்பன் முழிப்பார்கள். "அத என்கிட்ட உட்டுடுங்க" என்பார். ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி, எல்லா ஊரிலும் அவருக்குக் கடை தெரியும். கடைக்காரரிடம் கொண்டுவந்து கொடுக்கச் சொல்ல மாட்டார். தானே போய் எடுத்து வருவார்.

கடைசி சீட்டுக்கு அடியில் பாதி காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப் ஒன்று வைத்திருந்தார். அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் கேக். குழியில் இறங்கினாலும் அதிராது. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வண்டி உதிரிபாகங்களுக்கு அதிர்வுச் சோதனை செய்கிறேன். அந்த டியூப் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் அவருக்குப் படம் போட்டு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, காத்து எவ்ளோ அடிக்கணும்னு உன் படத்துல கீதா?" என்றார். இல்லை.

ஏப்ரல் இருபத்தெட்டு காலை, நசரத்பேட்டையில் சக்கரத்து நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழவில்லை. அறுபத்திரண்டு வயது.

மே பத்தாம் தேதிக்கு ஏற்காடு சவாரி ஒன்று ஒப்புக்கொண்டிருந்தார். ஆவடிக் குடும்பம். கோமளா, அவர் கணவர், மாமியார், ஆறு வயது முடியப்போகும் மகள் கிருஷ்ணப்பிரியா. அத்தாவின் சிநேகிதர் காலித் மாமா வண்டியை எடுப்பதாகச் சொன்னார்.

"மௌத்து சேதிய சொல்லாத சஹரு. கொயந்தைய கூட்டிகினு போறவங்க. செத்தவன் வண்டின்னா ஏற மாட்டாங்க. காய்ச்சல்னு சொல்லு."

அம்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. அத்தாவின் போன் என்னிடம் இருந்தது. காய்ச்சல் என்று சொன்னேன்.

பதினொன்றாம் தேதி மதியம் ஏற்காட்டிலிருந்து கோமளா கூப்பிட்டார்.

"பாய்க்குத் தேவலையா? கேக்கு விஷயத்த நானே பாத்துக்கறேன்னு பாப்பாகிட்ட சொல்லியிருந்தாரு. இன்னைக்கு சாயங்காலம் வெட்டணும். இந்த டிரைவர் அண்ணனக் கேட்டா எந்த கேக்குங்கறாரு. நாங்க வாங்கறோம்னா பாப்பா உட மாட்டேங்கறா. பாய் தாத்தா தருவாருன்னு ஒரே அழுகை."

"வந்துடும்க்கா" என்றேன்.

அவர் வாக்குக் கொடுத்ததில் மீதி இருந்தது இது ஒன்றுதான். இது நின்றுபோகக் கூடாது.

போனில் ஆள் பெயர்களே இல்லை. 'ஏற்காடு பஞ்சர்'. 'ஏற்காடு ஏரி டீ'. 'ஏற்காடு முட்ட இல்லாத கேக்'. மூன்றாவதை அழுத்தினேன்.

"சொல்லுங்க பாய், எத்தனை கிலோ?"

அவர் பெயர் ஜஸ்டின் என்று பிறகுதான் தெரிந்தது. நான் மகள் பேசுகிறேன் என்றேன்.

"பாய்க்கு என்னங்க?"

"காய்ச்சல்."

சொல்வது சுலபமாக இருந்தது. எங்கள் தெருவில் அவர் இறந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. ஏற்காட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், கஞ்சி குடித்தார், இரண்டு நாளில் எழுந்துவிடுவார்.

கேக் நாலு மணிக்கு ரெடியாகும் என்றார் ஜஸ்டின். அனுப்ப ஆள் இல்லை. அவர்கள் தங்கியிருந்த இடம் எஸ்டேட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர், கல் ரோடு. காலித் மாமாவைக் கூப்பிட்டேன்.

"நான் மண்ணு லாரி ஓட்டுனவன்மா. என் கைல கேக்க குடுத்தா ரெண்டு பள்ளத்துல தோச ஆயிடும்."

"கடைசி சீட்டுக்கு அடியில ஒரு டியூப் இருக்கும் பாருங்க மாமா."

"அதுவா? இன்னாத்துக்கு இந்தப் பழைய டியூப்புனு தூக்கிப் போட இருந்தேன்."

"போட்டுடாதீங்க. கட்டை விரலால அமுக்குங்க. எவ்வளவு உள்ள போகுது?"

"பாதி."

"அது போதும்."

போதுமா என்று எனக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு அவரே கூப்பிட்டார். "எறக்கிட்டேன் சஹரு. ஒரு ஓரம் சொல்பம் சாஞ்சிகினு கீது. கத்தி பட்டா தெரியாது."

ஏழு மணிக்குக் கோமளாவின் நம்பர். எடுத்தால் குழந்தை.

"கேக்கு வந்துச்சு. தாத்தாட்ட குடுங்க."

"தூங்கறாரும்மா."

"காய்ச்சல் எப்ப சரியாவும்?"

நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொன்னால் நாளைக்கும் கூப்பிடுவாள். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கோமளாவிடம், ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்றேன். சொன்னேன். தேதி, நேரம், இடம், எல்லாம்.

அந்தப் பக்கம் யாரோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இந்த வண்டில ஏறியிருக்க மாட்டோம்" என்றார் கோமளா.

"தெரியும்க்கா."

"எங்க மாமியார்கிட்ட நான் சொல்லல. அந்த டிரைவர் அண்ணன்கிட்டயும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லி வைங்க. நாளைக்கு இதுலதான மலை எறங்கணும்." பிறகு, "பாப்பா கேட்டா காய்ச்சல்னே சொல்லிக்கறேன்" என்றார்.

போனை வைத்தேன். அம்மா உள் அறையிலிருந்து கேட்டாள்.

"கேக்கு ஒழுங்கா போய் சேந்துச்சா?"

"ஒரு ஓரம் சாஞ்சுடுச்சாம்."

"அவரு எடுத்துகினு போயிருந்தா சாஞ்சிருக்காது" என்றாள்.