தவணை நின்ற வீடு

என் கணவர் கூட்டுறவுத் துறை அதிகாரி. கிராமங்களை ஏழ்மையிலிருந்து மீட்பது அவர் வேலை. மீட்ட களைப்பை மாலையில் உட்கார்ந்து கேட்பது என் வேலை. எண்பதுகளில், ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு கிராமத்துப் பெண்கள் சேமிப்புச் சங்கத்துக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கடன் தவணை கட்டவில்லையோ, அந்த மாதக் கூட்டம் அவள் வீட்டில் நடக்கும். எல்லாரும் போய் உட்கார்ந்து, அவள் போடும் டீயைக் குடிப்பார்கள். அடுப்பில் என்ன வேகிறது, யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து, எவ்வளவு பொறுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். கடனும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இவருக்கு அது அநாகரிகமாகப் பட்டது. வழக்கத்தை நிறுத்திவிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆங்கிலத்தில். அவ்வளவு நாகரிகம்.

பதில் போடாத ஒருத்தியின் எருமையை ஜப்தி செய்து சங்கக் கட்டடத்தின் பின்னால் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை ஏலம். அவள் புருஷன் கால் ஒடிந்து கிடந்தான். அந்த எருமைப் பாலில்தான் வீடு ஓடியது. இப்போது அதைக் காவல்காரர் கறந்து குடித்து, அரசுடைமையைப் பேணிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசல் நிறையப் பெண்கள். உள்ளே வந்து, இடம் போதாமல் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள்.

“யாருடி இவங்க? எதுக்கு உள்ள விட்டே?” என்றார் இவர்.

“சங்கக் கூட்டமாம். இந்த மாசம் நம்ம வீட்லயாம்.”

சங்கத் தலைவி தெலுங்கில் நிதானமாக விளக்கினாள்: “எங்கே தவணை நிக்குதோ அங்கேதான் உட்காருவோம் சார். எருமையை விட்டா பாலை வித்துக் கட்டிடுவா. இப்ப அவ தவணை உங்ககிட்டதான் நிக்குது.”

இவர் விதிகளைச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு டீக்குக் காத்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பாதிப் பேருக்குக் கொடுப்பதற்குள் பால் தீர்ந்துவிட்டது. எருமைக்காரி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எருமை வீட்ல இருந்திருந்தா ஒரு செம்பு கொண்டாந்திருப்பேன் அம்மா” என்றாள்.

குத்திக்காட்டவில்லை, என் கூச்சத்தைப் போக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்தில் இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு அவுத்துவிடச் சொல்றேன்” என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்குச் சாயங்காலப் பால் யாருக்கு சார்?” என்று கேட்டாள் தலைவி.

நான் இவருடைய சட்டையையும் பஸ்ஸுக்குச் சில்லறையையும் கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.