சாமி மேடையில் தொங்கிய சாவி

ஜொகூர் பாருவில் நானும் அக்காவும் வாடகைக்கு இருந்த வீடு, லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககமொன்றின் நான்காம் மாடியில் இருந்தது. பக்கவாதம் வந்து இடதுகால் பயனற்றுப் போனபின் அக்காவின் உலகம், கூடத்து நாற்காலியும் அதையொட்டிய ஜன்னலும்தான். அந்த ஜன்னல் பொது நடைவழியைப் பார்த்திருந்தது. போகிறவர் வருகிறவரோடெல்லாம் அவள் கம்பிகளின் ஊடே பேசுவாள். எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

கம்பிகள் சுவரோடு பற்றவைக்கப்பட்டவை. வாசற்கதவுக்கு வெளியிலும் ஓர் இரும்புக் கிரில். அதற்குக் கனத்த பூட்டு. வீட்டில் ஆள் இருக்கும்போதும் பூட்டியே வைத்திருப்பது இந்த ஊர் வழக்கம். திருடனுக்குப் பயந்து எல்லாரும் தம்மைத் தாமே சிறையிட்டுக்கொண்டு, அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

எனக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, அந்த ஜன்னல் கம்பிக்குக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துவிட்டால், ஆபத்தென்று வரும்போது அக்காவை நடைவழிக்கு ஏந்திக் கொடுக்க இன்னொரு வழி கிடைக்கும். மற்றொன்று, சாமி மேடைக்குப் பின்னால் சுவரில் பதித்திருந்த பிளக் பாயின்ட். அதன் வெள்ளை முகம் பழுப்பேறி, தொட்டால் சுட்டது.

வீட்டுக்காரர் குளுவாங்கிலிருந்து அவ்வப்போது வருவார். நம்மவர்தான்; மரியாதையாகப் பேசுவார். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்பதால் 'டீச்சர்' என்ற சொல்லை வாய் நிறையச் சொல்வார். பிளக்கை அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார்.

"நம்ம ஊரு வெயில்ல எல்லாமே சூடாதான் இருக்கும்லா, டீச்சர்."

"சரி, அந்த ஜன்னலுக்காவது ஒரு கீல் வெச்சுக் கொடுங்க. அக்காவால நடக்க முடியாது. நாளைக்குத் தீ கீ பிடிச்சா..."

"கம்பிய அறுத்தா திருடன் வருவான். நீங்க விளக்கு ஏத்தாம இருந்தா தீ எங்கேர்ந்து வரும்?"

அக்கா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அண்ணே, நீங்க உங்க வீட்டுல ஏத்துறது இல்லையா?"

"அது சொந்த வீடுங்கக்கா" என்றார் அவர், சிறிதும் கூசாமல்.

அந்தத் தீபாவளிக்கு முறுக்கோடு ஒரு பரிசும் கொண்டுவந்தார்: சுடர் வடிவத்தில் சிவப்புப் பல்பு பொருத்திய மின்விளக்கு. இனி எண்ணெய் விளக்கு வேண்டாம், இதுதான் என்பது கட்டளை; தொடர்ந்து குடியிருப்பதற்கான நிபந்தனையும்கூட. பிளக் சுடுகிறதே என்று மறுபடியும் சொன்னேன். சின்னப் பல்பு என்ன செய்துவிடும் என்று சிரித்தார். தம் கையாலேயே செருகி எரியவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் அக்கா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையாத தீபம் ஞானிங்களுக்குத்தான் வாய்க்கும்னு சொல்வாங்க. நமக்குச் சூச்சு போட்டாலே வந்துடுது."

இனி சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சாவிக்கு இடம் சாமி மேடை. வெளியே போகும்போது கும்பிட்டு எடுப்பதும், திரும்பியதும் கும்பிட்டு மாட்டுவதும் பழக்கம். தொலையாது, அதற்கு மேல் ஒரு காவலும் உண்டு என்ற நம்பிக்கை. கிரில் பூட்டின் சாவி படங்களுக்கு நடுவே ஓர் ஆணியில் தொங்கியது. மாற்றுச் சாவியும் அதே வளையத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை, அருகிலிருந்த சூரா என்னும் சிறு தொழுகைக்கூடத்திலிருந்து அந்திநேரப் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடையை முதலில் கீழ்வீட்டுச் சமையல் என்றே நினைத்தேன். பிறகு அக்காவின் குரல்:

"ஏய், சாமி எரியுதுடீ!"

ஓடிவந்தபோது சுவரெல்லாம் கரும்புகை ஏறிக்கொண்டிருந்தது. படங்களுக்குச் சார்த்திய பிளாஸ்டிக் பூமாலை உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. படக் கண்ணாடிகள் வெடித்தன. கதவோரத்து மெயின் சுவிட்சை இறக்கினேன். மின்சாரம் நின்றது, நெருப்பு நிற்கவில்லை. கதவைத் திறந்தால் எதிரே பூட்டிய கிரில். அதன் சாவி நெருப்புக்குள்.

எதிர்வீட்டு மலாய்க்காரர் தொழுகைக்குக் கிளம்பிய சாரத்தோடு வந்து கிரில்லைப் பிடித்து உலுக்கினார். "குஞ்சி! குஞ்சி!" என்று சாவியைக் கேட்டார். நான் மேடையைக் காட்டினேன். கம்பிகளின் ஊடே பார்த்துவிட்டு அவர் உலுக்குவதை விட்டார். எந்த மனிதர் சாவியை நெருப்புக்குள் வைப்பார் என்று நினைத்திருப்பார்.

அவருடைய மனைவி ஜன்னல் பக்கம் ஓடினாள். தோள்வரை கையை உள்ளே நுழைத்து, இருமிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அக்காவுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை, கம்பிகள் இருந்தன. அந்தப் பெண்ணின் கை மட்டும் போய்வரும் அளவுக்கு அவற்றினிடையே இடம் இருந்தது.

நான் அக்காவை நோக்கிப் போனேன்.

"என்னப் பாக்காத. சாவியப் பாரு!"

தோசைக்கல் இறக்கும் இடுக்கியை எடுத்துக்கொண்டு, நனைத்த துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஆணியைத் துழாவினேன். வளையம் நழுவி எரியும் மாலைக்குள் விழுந்தது. மறுபடி துழாவி, பற்றி, ஈரத்துணியில் போட்டுக் கிரில் வழியாக நீட்டினேன். துணியில் சுர்ரென்ற ஓசை எழுந்தது. எதிர்வீட்டுக்காரர் பூட்டைத் திறந்தார். நடைவழியில் கூடியவர்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கிப் படியிறங்கினார்கள். மற்றவர்கள் வாளி வாளியாக நீரூற்றி நெருப்பை அடக்கினார்கள்.

அக்கா பிழைத்தாள். மூச்சில் மட்டும் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

பின்னர் வந்த பொம்பாக்காரர், தீயணைப்புத் துறையில் பழுத்தவர்போல் தெரிந்தார், சுவரிலிருந்து பிளக்கைப் பெயர்த்துக் காட்டினார். உள்ளே மின்கம்பிகள் கரிந்து ஒட்டியிருந்தன. இங்கிருந்துதான் என்றார் மலாயில். போகும்போது ஜன்னல் கம்பியை விரல் முட்டியால் தட்டி, "இது திறக்க வேண்டாமா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய ஆள் குளுவாங்கில் இருந்தார்.

அவர் மறுநாள் வந்தார். மாடிக்கு வருமுன்பே படிக்கட்டடியில் நின்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது, படியிறங்கி வந்த என் காதில் விழுந்தது.

"விளக்கு ஏத்தாதீங்க, ஏத்தாதீங்கன்னு தலையில அடிச்சிக்கிட்டேன். படிச்சவங்கதான், கேக்கலையே."

"நீங்க கொடுத்த விளக்குதாங்க அது" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "அதுவா... மலிவுச் சாமான் டீச்சர். இப்பல்லாம் ஒண்ணும் நம்ப முடியல."

பழுதுபார்க்க வேண்டும் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். என்னோடு முன்பு வேலை பார்த்த தோழி வீட்டில் சில காலம் ஒண்டினோம்.

மிச்சமிருந்த புத்தகங்களை எடுக்கப் போன அன்று சுவர்கள் புதுச் சாயத்தில் இருந்தன. வீட்டுக்காரர் ஓர் இளம் தம்பதிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றபடி ஜன்னல் கம்பியைத் தள்ளினார். அது திறந்துகொண்டது. புதுக் கீல், எண்ணெய்கூட விட்டிருந்தார்.

"எமெர்ஜென்சிக்கு. பாத்தீங்களா? சேஃப்டியெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன்."

திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார். என்னைக் கண்டதும் கை தயங்கவில்லை. நான் பிளக் இருந்த இடத்தைப் பார்த்தேன். பளிச்சென்று புது மூடி.

"உள்ள கம்பியும் மாத்தியாச்சுங்களா?"

"எல்லாம் ஓக்கேலா, டீச்சர்."

நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அப்பப்ப இதக் கையால தொட்டுப் பாத்துக்கம்மா. சுட்டா, குடியிருக்காதீங்க."

"டீச்சருக்கு எங்க போனாலும் பாடம் நடத்தணும்" என்று அவர் சிரித்தார். தம்பதியும் மரியாதைக்காகச் சிரித்தார்கள். புகை மணக்கும் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் எதைப் பிரித்தாலும் அந்த மணம்தான் முதல் பக்கம்.

இப்போது இருப்பது தரைத்தளத்து வீடு. வாடகைதான். ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு, கீல் இல்லை. கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம் என்ற சொல்லை நான் நன்கு அறிவேன். எனவே குடிவந்த அன்றே கிரில் சாவியை ஒரு கயிற்றில் கோத்து அக்காவின் கழுத்தில் மாட்டினேன். நாற்காலியைக் கதவருகே, அவள் கை பூட்டுக்கு எட்டும்படி போட்டேன்.

அவள் மணம் முடிக்காதவள். சாவியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒருவழியா என் கழுத்துலயும் ஒண்ணு கட்டிட்டே."

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. நான் தண்ணீர் கொண்டுவரும்வரை அவள் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.