முத்துச்செல்வி காத்து நின்ற இரண்டாவது மணி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஒரகடத்தில் கம்பெனிகள் காம்பவுண்டு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோதே உள்ளே தண்ணீர் லாரி விட்டவன் இந்த யாக்கோபு. அந்த லாரியை வைத்துத்தான் படப்பை சாலையில் மாடியோடு ஒரு பள்ளிக்கூடம் கட்டினேன். தாளாளர் என்று வாசலில் என் பேர் இருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் அந்தப் பேருக்குக் கீழே நடந்துதான் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் இது என் கதை இல்லை, முத்துச்செல்வியின் கதை.

முத்துச்செல்விக்கு ஊர் திசையன்விளைப் பக்கம். பட்டம் வாங்கிய கையோடு பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலெக்ட்ரானிக் சாமான் செய்கிற கம்பெனியில் நான்கு வருஷம் லைனில் நின்றாள். பிறகு வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தாள். பயிற்சிக்கு அவளை என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவளோடு அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் இன்னும் லைனில்தான் நிற்கிறார்கள்.

"தேறிட்டேம்னா டீச்சர். இல்லன்னா மறுபடி அந்தத் தொப்பியும் கோட்டுந்தான்யா," என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். "இதுக்கு மேல ஒரு மாசங்கூட வீட்டுல விடமாட்டாவ."

தேறுவதற்கு அவள் கடைசியாக நடத்திக் காட்டவேண்டியிருந்தது இங்கிலீஷில் கேட்கும் பாடம். ஒலிப்பதிவைப் போடவேண்டும், பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்கவேண்டும், நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும். பதிவைக் கல்லூரியிலிருந்து மார்க் போட வரும் மரகதம் மேடம்தான் கொண்டுவருவார். முன்னாடியே போட்டுப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவர் வாயைத் திறந்தால் பாடம் செல்லாது. ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு. நான் உட்கார்ந்தேன்.

அந்த பெஞ்சுகள் நான் பக்கத்தில் நின்று செய்வித்தவை. நூறு வருஷத்துக்கு ஆடாது. ஆனால் பிள்ளைகளுக்குச் செய்தது. டெஸ்க்குக்கும் பெஞ்சுக்கும் நடுவே என் வயிறு மாட்டிக்கொண்டது. ஆயா செந்தாமரை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"இன்னா முதலாளி, எழுந்துக்க முடியுமா? ஆள் கூப்டவா?"

"போம்மே, வேலையப் பாரு."

பிள்ளைகள் சிரித்தன. கதவைச் சாத்தினார்கள்.

முத்துச்செல்வி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ரயில் நிலையத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டாள். பலகையில் சில வார்த்தைகளை எழுதினாள். மேடம் தலையாட்டினார். பிறகு மேசைமேல் இருந்த ஸ்பீக்கரை அமுக்கினாள்.

டிங்... டாங்.

ரயில் அறிவிப்புக்கு முன்னால் வருகிற மணி, அவ்வளவுதான். ஆனால் முத்துச்செல்வி ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். பின்னால் ஒரு எட்டு வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுபோன காலத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மாறும்போது இதே மாதிரி ஒரு மணி அடிக்கும். அடித்ததும் லைனில் இருக்கிற பெண்கள் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டி நிற்கவேண்டும். மணிக்கு அப்புறம் ஒருத்தி சாமானைத் தொட்டால் வரிசை முழுக்கத் திட்டு வாங்கும். சூப்பர்வைசர் பார்த்து முடித்து இரண்டாவது மணி அடிக்கும்வரை அசையக் கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது.

இந்தப் பதிவில் இரண்டாவது மணி இல்லை.

அந்த இங்கிலீஷ்காரி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். எங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இடம் வந்து, போயும்விட்டது என்று மரகதம் மேடம் பேனாவைத் திறந்ததிலிருந்தே தெரிந்தது. முத்துச்செல்வியின் கண் மட்டும் ஸ்பீக்கருக்கும் மேடத்துக்கும் நடுவே அலைந்தது. அவளுக்கு எல்லாம் தெரிகிறது. உடம்புதான் விடவில்லை. ஒரு அதட்டல் போட்டால் அவள் விடுபட்டிருப்பாள். என் கட்டடம், என் பெஞ்சு. பெரிய பெரிய மானேஜர்களிடமே குரலை உயர்த்திப் பேசியவன் நான். அன்றைக்கு வயிற்றை அழுத்துகிற டெஸ்க்கோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதிவு முடிந்தது. அவள் கட்டிய கையை எடுக்கவில்லை.

அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து கனிஷ்கா என்கிற பெண் வாயாலேயே, "டிங் டாங்" என்றாள்.

முத்துச்செல்வியின் கைகள் அவிழ்ந்தன.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "இன்னாடி பண்ற?" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள்.

"எங்கம்மாவும் லைன்தாண்டி. டிவில இந்த மணி கேட்டாக்கூட கரண்டியப் போட்டுட்டு இப்டிதான் நின்னுக்கினு இருக்கும். ரெண்டாவது மணி நான்தான் அடிப்பேன்."

வெளியே வந்ததும் மேடத்திடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதுங்க ஐயா. ஆனா பாடத்தை நடத்தினாங்களா இல்லையான்னுதான் நான் எழுத முடியும். வியாழக்கிழமை பக்கத்து வகுப்புல இன்னொரு தடவை எடுக்கட்டும். அதுக்கு மேல என் கையில இல்ல."

"வேற எதுனா போடக் கூடாதாம்மா?"

"எல்லாருக்கும் இதே பதிவுதான் ஐயா."

பக்கத்து வகுப்பில் கனிஷ்கா கிடையாது.

பழகினால் போய்விடும் என்று முத்துச்செல்வி அந்த மணியைத் தன் போனுக்கு வைத்துக்கொண்டாள். மறுநாள், "பழகிச்சா?" என்று கேட்டேன்.

"எங்கய்யா! காலையில திங்கையில எங்கம்மா போன் போட்டாவ. ரூம்ல அத்தன பேரும் தட்டுல இருந்து கைய எடுத்துட்டுப் பின்னுக்கு நவுந்துட்டோம். போன எடுக்க ஆளில்ல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் வெளிய வந்துட்டேம்னுல்லா நெனச்சிருந்தேன்."

 

வியாழக்கிழமை முத்துச்செல்வி முதல் ஆளாக வந்து, செந்தாமரையைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லி, பக்கத்து வகுப்பு மேசையைச் சுவர்ப் பக்கமாக இழுத்தாள். சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு நாற்காலிகூட நுழைய முடியாத இடம். அதற்குள் தானே புகுந்து நின்று பார்த்தாள்.

"இன்னா டீச்சரு, உனக்கு நீயே ஜெயில் கட்டிக்கிறியா?" என்றாள் செந்தாமரை.

"மொதல்ல காலுதான்க்கா பின்னால போவுது. கால் போனாத்தான் கை போவுது. காலு போவ எடமே இல்லன்னா?"

நான் மறுபடி கடைசி பெஞ்சில் மாட்டிக்கொண்டேன். மேடம் பேனாவை எடுத்தார். முத்துச்செல்வி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

டிங்... டாங்.

டொக். குதிகால் சுவரில் இடித்த சத்தம் என் பெஞ்சுவரை கேட்டது. இன்னொரு டொக். கைகள் மேசையை விட்டு எழும்பின. முழங்கை சுவரில் பட்டு, போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தன. முகமெல்லாம் வேர்வை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கேள்வி கேட்டாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். விதிப்படி பதிவை இரண்டாம் தரமும் போட்டாள். அப்போதும் டொக்.

தேறிவிட்டாள். மேடம் கை குலுக்கிவிட்டுப் போனார். "ஜூன்லேர்ந்து உனக்கு இங்கதாம்மா வேல," என்று அந்த இடத்திலேயே சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான், ஊரைக் கேட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் செந்தாமரை மேசையைப் பழைய இடத்துக்கு இழுக்கப் போனாள்.

"இழுக்காதீங்கக்கா," என்றாள் முத்துச்செல்வி. "அது அங்கனயே கெடக்கட்டும்."

இப்போது அவள் என் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அதே வகுப்புதான் எடுக்கிறாள். மேசை இன்னும் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது.